அப்பா வீட்டைப் பாகம் பிரிக்கும் முன் டேப்பை எடுங்கள்

பெரிய வீட்டு மனையைப் பிரிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பத்திர எழுத்தர் ஒரு தொகை சொல்வார். அது பத்திரத்துக்கு ஆகும் செலவு மட்டும். அதை மட்டும் நம்பிப் பணம் புரட்டிவிட்டு, அப்புறம் பட்டாவுக்காக மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் ஒவ்வொரு பங்கின் மதிப்பிலும் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்குத் தீர்வை 40,000 ரூபாயையும் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. பங்கு 30 லட்சம் என்றால் 30,000-மும் 10,000-மும் சேர்த்து 40,000. மூன்று பங்குக்கு 1,20,000. மதிப்பு போடும்போது மனையோடு கட்டடத்தையும் சேர்ப்பார்கள். இதை மறந்துவிட்டுப் பதிவு நாளில் கையைப் பிசைந்தவர்கள் நிறைய.

இந்தச் சலுகையில் ஒரு கண்ணி உண்டு. அண்ணன் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்றிருந்தால், அந்த வெளியாளோடு செய்துகொள்ளும் பிரிவினை குடும்பப் பிரிவினை ஆகாது. தீர்வை 4 சதவீதம், உச்சவரம்பும் கிடையாது. பிரித்த பிறகு விற்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

அடுத்து வாரிசுகள். உயில் எழுதாமல் இந்துத் தகப்பனார் இறந்திருந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டியை விட்டுவிட்டும், 'தங்கச்சிக்குத்தான் நகை போட்டாச்சே' என்று சொல்லியும் எழுதிய பத்திரங்கள் பின்னால் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கின்றன. வீட்டுக்குள் எழுதிக்கொண்ட, பதிவு செய்யாத பங்குச் சீட்டான கூர்சீட்டை வைத்துக்கொண்டு தனிப்பட்டா வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

இப்போது டேப் விஷயம். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் பத்திரத்தில் அவர் பங்கு 1,200 சதுர அடி. தனிப்பட்டாவுக்கு விண்ணப்பித்து, நில அளவர் வந்து சங்கிலி போட்டபோது தரையில் இருந்தது 1,130. பக்கத்து வீட்டுச் சுவர் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது. விண்ணப்பம் 'பரப்பு வேறுபாடு' என்ற இரண்டே சொல்லில் நிராகரிக்கப்பட்டது. அதைச் சரிசெய்யத் திருத்தப் பத்திரம், புது விண்ணப்பம், மறுபடி அளவு. ஒவ்வொரு தடவையும் 'சர்வேயர் லீவு, அடுத்த வாரம் வாங்க' என்ற பதில்தான். வேலைக்குப் போகிற பெண் எத்தனை நாள் சம்பளத்தை இழப்பார் என்று அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால் பத்திரம் எழுதும் முன்பே தனியார் சர்வேயரை வைத்து அளந்து, பட்டாவோடும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

பட்டா மாறுதலில் இரண்டு வகை: உட்பிரிவு உள்ளது, உட்பிரிவு இல்லாதது. உட்பிரிவு என்றால் ஒரே சர்வே எண்ணில் இருக்கும் நிலத்தை அளந்து தனித்தனி எண்ணாகப் பிரிப்பது. பாகம் பிரித்தவர்களுக்கு வேண்டியது முதல் வகை. உட்பிரிவுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அவசரத்தில் இரண்டாவதைப் பதிந்துவிட்டால் எல்லாப் பெயரும் ஒரே கூட்டுப் பட்டாவில் ஏறிவிடும். தனிப்பட்டா கைக்கு வராது. இ-சேவை மையத்தில் எந்த வகையை அழுத்துகிறார்கள் என்று திரையைப் பார்த்தே பணம் கட்டுங்கள்.

பின்பக்கப் பங்கு உங்களுக்கு வந்தால், வழி எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குழாயும் சாக்கடையும் அதன் வழியே போகலாமா என்று பத்திரத்திலேயே எழுத வையுங்கள். 'பொது வழி உண்டு' என்ற ஒற்றை வரி போதாது. வழி குறுகலாக இருந்தால் நாளைக்கு வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காமல் போகலாம். குறுக்கே சுவர் எழுப்புவது, தனி மின் இணைப்பு, தனிக் குடிநீர் இணைப்பு, வீட்டு வரியைப் பிரிப்பது என எல்லாமே தனித்தனிச் செலவுகள். ஒரே போர்வெல் என்றால் அது யார் பங்கில் விழுகிறது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பட்டா நிராகரிக்கப்பட்டால் 'மறுபடி போடுங்க' என்ற வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வட்டாட்சியர் உத்தரவு தவறு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே போக அந்த உத்தரவின் நகலும் விண்ணப்ப எண்ணும் கையில் வேண்டும்.