சான்று பெற்ற போன் எல்லாம் பத்திரமான போன் இல்லை

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கம்பெனி அப்டேட் நின்றுபோன பழைய போனில் லீனேஜ்ஓஎஸ் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் மாற்று ஆண்ட்ராய்டு மென்பொருளைப் போட்டிருக்கிறார். வங்கிச் செயலி, 'உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கிறது. கிளையில் கேட்டதற்கு, "போனை ஹேக் பண்ணியிருக்காங்க சார், வேற வாங்கிடுங்க" என்றார்களாம். அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தம் ஏறிய போன் அது! கம்பெனி மென்பொருளோடு, திருத்தமே வராமல் கிடக்கும் அதே மாடலில் அந்தச் செயலி தடையில்லாமல் திறக்கிறது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட செயலிகள் போனைச் சோதிக்கப் பயன்படுத்தும் கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' சேவை சாதனத்தைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு, அடிப்படையில் அதில் கூகுள் சான்றளித்த மென்பொருள் மாறாமல் இருக்கிறதா என்பதுதான். ஆர்.சி. புக் அசலாக இருந்தால் பிரேக் பிடிக்கும் என்று அர்த்தமா? கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே-யை (செயலியை நிறுவும் கோப்பு) நிறுவி, எஸ்.எம்.எஸ். அனுமதியும் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் போன்கள் கடையில் வாங்கியபடியே இருப்பவை. இந்தச் சோதனையில் தேறக்கூடியவை. கூகுளின் பிக்சல் போனில், பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட கிராபீன்ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளைப் போட்டு, பூட்லோடரை (போன் எந்த மென்பொருளோடு தொடங்கலாம் என்று பார்க்கும் பகுதி) மறுபடி பூட்டியவர் தேறமாட்டார். 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-இலும் அதற்கு மேலும், 'ஸ்ட்ராங்' என்ற மிகக் கடுமையான தீர்ப்புக்கு மட்டும் ஓராண்டுக்குள் வந்த பாதுகாப்புத் திருத்தம் வேண்டும். எல்லாச் செயலியும் அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

இதைவிடக் கவலை, இதே சோதனை இணையதளங்களுக்கும் வருவது. 2023-இல் கூகுள் பொறியாளர்கள் 'வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி' என்ற திட்டத்தை முன்வைத்தார்கள். உங்கள் உலாவியும் கருவியும் நம்பத்தக்கவைதானா என்று மூன்றாம் தரப்பு சான்று கொடுக்கும். அதைப் பார்த்துத் தளம் முடிவெடுக்கும். மொசில்லா வெளிப்படையாக எதிர்த்தது. நவம்பரில் கைவிட்டார்கள். ஆனால் ஆப்பிள் 2022-லேயே ஐஓஎஸ் 16-இல் இதே வகையான, கருவிக்குச் சான்று தரும் 'பிரைவேட் ஆக்சஸ் டோக்கனை'க் கொண்டுவந்துவிட்டது. இன்று அது கேப்சாவை ('நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கும் புதிர்) தவிர்க்க உதவும் வசதி. அந்தச் சான்று இல்லாதவருக்குத் தளமே திறக்காது என்ற நிலை வந்தால், லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் எங்கே போவார்? வங்கிச் செயலி மறுத்தவருக்கு இன்று இணையத்தில் மிச்சமிருப்பது உலாவி வழியே போகும் நெட்பேங்கிங்தான்.

பூட்லோடரைத் திறக்குமுன் உங்களுக்கு அவசியமான செயலிகள் புது மென்பொருளில் ஓடுமா என்று விசாரியுங்கள். நெட்பேங்கிங் கடவுச்சொல்லை இன்றே உயிரோடு வையுங்கள். சோதனையை ஏமாற்ற டெலிகிராம் குழுவில் கிடைக்கும் மாட்யூலை (கூடுதல் நிரல்) ரூட் அனுமதி, அதாவது போனின் முழுக் கட்டுப்பாடு, கொடுத்து நிறுவவே நிறுவாதீர்கள். அதுவரை இல்லாத ஆபத்தை அதுதான் கொண்டுவரும். வங்கிச் செயலி எழுதும் நண்பர்களே, தீர்ப்பு சரியில்லை என்றால் கதவைச் சாத்தாமல் பரிவர்த்தனை வரம்பைக் குறையுங்கள், இன்னொரு சரிபார்ப்பு கேளுங்கள். கிராபீன்ஓஎஸ் போன்றவற்றை ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்று (போனின் பாதுகாப்புச் சிப்பே மென்பொருளைச் சரிபார்த்துத் தரும் சான்று) வழியாகவே உறுதிப்படுத்த முடியும். அதற்கான சாவி விவரங்களை கிராபீன்ஓஎஸ் குழுவினரே வெளியிட்டிருக்கிறார்கள்.