வக்கீலும் மெம்பரும் ஒரே ஆளாக இருந்தால்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் கோர்ட்டில் தொழில் செய்கிறேன். நடுவில் ஒரு தவணை, ஐந்து வருடம், எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்றில் மெம்பராகவும் இருந்தேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரைப்பதி பக்கமெல்லாம் வீட்டில் பேச்சு தமிழ்; ஆபீஸிலிருந்து வரும் காகிதம் பெரும்பாலும் மலையாளம். அதனால் தமிழ் பேசும் வக்கீலை ஊரே நம்பி வரும். அவரே மெம்பராகவும் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மெம்பரான இரண்டாவது வருடம், ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே நிலத்தின் ஆதாரமும் (பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீதும். பக்கத்துத் தோட்டக்காரர் வழியை மறிக்கிறார், கேஸ் போட வேண்டும் என்றார். நான் ஆதாரத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குதுங்க தம்பி, எங்கப்பன் காலத்துல வேலிய நாலடி தள்ளிப் போட்டுட்டோம். அது பஞ்சாயத்து வண்டிப்பாதைங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வக்கீல் என்ற முறையில் கேட்டிருந்தால் அது ரகசியம். அப்போது சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவு என் வாயைக் கட்டுகிறது. மெம்பர் என்ற முறையில் கேட்டிருந்தால், வண்டிப்பாதையைக் காப்பாற்றுவது என் வேலை. அவர் யாரிடம் சொன்னார்? கேட்டேன். "ரெண்டும் நீங்கதானே தம்பி?" என்றார்.

தப்பு என்னுடையது. கவரைத் திறப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேஸை எடுக்கவில்லை, பாலக்காட்டில் வேறொரு வக்கீலிடம் அனுப்பினேன். சில மாதம் கழித்து அந்தப் பாதை விவகாரம் பஞ்சாயத்துக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன். ஆக, பெரியவருக்கும் நான் உதவவில்லை, ஓட்டுப் போட்ட வார்டுக்கும் அன்று குரல் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் வக்கீலாகத் தொழில் செய்யலாம். 2018 செப்டம்பர் 25-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பள ஊழியர் தொழில் செய்யக்கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. மக்கள் பிரதிநிதி அந்த வகையில் வரமாட்டார் என்பது தீர்ப்பு. பஞ்சாயத்தில் கயிறு இன்னும் இறுக்கம். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, மெம்பர் தன் பஞ்சாயத்துக்காகக் கூலி வாங்கும் வக்கீலாக இருந்தாலும், அதற்கு எதிராக வக்கீல் வேலை ஏற்றாலும் பதவி போய்விடும். தகராறு வந்தால் முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம்.

பஞ்சாயத்துக்கு அப்படியென்ன கேஸ் வரும் என்று நினைக்காதீர்கள். 2003-ல் பெருமாட்டிப் பஞ்சாயத்து பிளாச்சிமடை குளிர்பான ஆலைக்கு லைசன்ஸ் புதுப்பிக்க மறுத்தது. அந்த வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போய், நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரை வளர்ந்தது. அப்படி ஒரு கேஸில் பஞ்சாயத்தின் உள்பேச்சு எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

எனக்கு அதிகக் கவலை தருவது பஞ்சாயத்துச் சட்டத்தின் அந்தப் பிரிவுக்குள் நேராக வந்து விழாதவை. மெம்பர் ஒதுங்கிக்கொள்வார், அவருடைய ஜூனியர் பெயரில் வக்காலத்து போகும். ஆபீஸ் ஒன்று, மேஜை ஒன்று. இது நேரடியாகச் செய்வதைவிட மோசம், ஏனென்றால் கட்சிக்காரருக்கும் தெரியாது, பஞ்சாயத்துக்கும் தெரியாது. அப்புறம், கட்டட பெர்மிட்டுக்கு வந்தவரிடம் "பீஸ் கொடுங்க, பஞ்சாயத்துல நான் பாத்துக்கறேன்" என்பது. கோர்ட்டில் ஆஜராக வாங்குவது பீஸ். கமிட்டியில் கை தூக்க வாங்கினால் அது லஞ்சம். 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வார்டு மெம்பரும் பொது ஊழியர்தான். ரசீது கொடுத்தாலும் அது பீஸ் ஆகிவிடாது.

பார் கவுன்சில் விதிகளில் 14-ஐ ஒவ்வொரு கட்சிக்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்போடு தனக்கு என்ன தொடர்பு, விவகாரத்தில் தனக்கு என்ன ஈடுபாடு என்பதை வக்கீல் கேஸ் எடுக்கும்போதே திறந்து சொல்லியாக வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "நான் இப்ப வக்கீல்கிட்ட பேசறேனா, மெம்பர்கிட்டயா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதில் வரும் வரை கவரைத் திறக்காதீர்கள். வக்கீல் நடத்தை பற்றிய புகாரை மாநில பார் கவுன்சிலுக்கு எழுதலாம். 1961-ன் வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு.

என் தவணை முடிந்தபின் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். "இப்ப நீங்க வெறும் வக்கீல்தானுங்களே, கேஸ எடுத்துக்கங்க." முடியாது என்றேன், அந்தப் பாதையைப் பற்றிப் பஞ்சாயத்து பைலில் நான் படித்தது இன்னும் என் மண்டைக்குள்தான் இருக்கிறது. அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. கோர்ட்டிலிருந்து மலையாளத்தில் நோட்டீஸ் வந்தால் எடுத்துக்கொண்டு வருவார். தமிழில் படித்துச் சொல்வேன். என்ன பதில் போடலாம் என்று கேட்டால், பாலக்காட்டு வக்கீலுக்குப் போன் போட்டு, போனைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.