“நேற்று வரைக்கும் நல்லாத்தான் நிண்டது”

போன கார்த்திகையில் ஒரு நாள் விடியக் காலையில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஐந்து மறியாடுகளில் (பெட்டை ஆடுகளில்) ஒன்று கொட்டிலுக்குள் செத்துக் கிடக்கிறதாம். “நேற்றுப் பின்னேரம் வரைக்கும் நல்லாத்தான் நிண்டது டொக்டர். குழையும் திண்டது.”

நான் போய்ச் சேர்ந்தபோது இன்னொன்று தலையைத் தொங்கப் போட்டபடி ஒதுங்கி நின்றது. மூக்கில் தடித்த சளி. விலாப் பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்து, போனில் நேரம் வைத்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டியது. நிழலில் அமைதியாக நிற்கும் ஆடு 15 முதல் 30 தடவைதான் மூச்சு விடும். காய்ச்சல் 41 பாகை. நியூமோனியா என்பதில் சந்தேகமே இல்லை.

“எப்ப கொண்டு வந்தவை அம்மா?”

“போன சனிக்கிழமை. இரவிரவா லொறியில வந்ததாம். வழியெல்லாம் மழை.”

அந்த ஆட்டின் சாவு சனிக்கிழமை இரவே தொடங்கிவிட்டது.

நியூமோனியாவை உண்டாக்கும் பஸ்ச்சூரெல்லா வகைக் கிருமிகள் நல்ல சுகமாக நிற்கும் ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இருக்கும். உடம்பு தெம்பாக இருக்கும்வரை அவை அங்கேயே அடங்கிக் கிடக்கும். நெரிசலில் நின்றபடி பயணம், பசி, தண்ணீர் இல்லாமை, நனைவு, பயம் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது ஆட்டின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு கூடும். கொஞ்ச நேரத்துக்கு அது உடம்பைக் காக்கும். நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிவிடும். அப்போதுதான் தொண்டையில் கிடந்த கிருமி நெஞ்சுக்குள் இறங்குகிறது. குடலில் சும்மா கிடந்த கொக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி பெருகிக் கழிச்சலாகிறது. குடற்புழுவும் தலை தூக்குகிறது. சினையாடு காலம் ஆகுமுன்னே குட்டியைப் போட்டுவிடவும் கூடும். இதைத்தான் நாங்கள் ஸ்ட்ரெஸ் என்கிறோம்; தமிழில் அயர்ச்சி எனலாம்.

அந்த வீட்டில் ஆடுகளை ஆளுக்கொரு மரத்தில், கட்டைக் கயிற்றில், ஒன்றை ஒன்று காணாதபடி கட்டியிருந்தார்கள். இரண்டு முழம் தள்ளி நாய். ஆடு கூட்டத்தோடு வாழும் பிராணி. புது இடத்தில் தனியே கட்டினால் கத்திக்கொண்டே நிற்கும், தின்னாது. அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்டை இறக்கி, கையொப்பம் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடு கொடுக்கும் நிறுவனங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: மாரி மழைக்குள் ஆடு பகிராதீர்கள். வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை அதற்கான காலமே இல்லை. வேறு மாவட்டத்து ஆட்டை இரவோடிரவாக ஏற்றி வருவதைவிடப் பக்கத்து ஊரில் வாங்குங்கள். கொட்டில் கட்டி முடிந்த பிறகே ஆட்டைக் கொடுங்கள். வாங்குபவர்களும் புது ஆட்டை மூன்று கிழமையாவது பழைய ஆடுகளோடு சேர்க்காமல், ஆனால் தனி ஒன்றாக விடாமல், வைத்துப் பாருங்கள். வந்த அன்றே தடுப்பூசி, பூச்சி மருந்து, காயடிப்பு என்று எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். முதல் நாள் தண்ணீரும், அது தின்று பழகிய குழையும், படுக்கக் காய்ந்த இடமும் போதும்.

குளிரைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வன்னியில் என்ன குளிர் என்பார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகளும் ஆடுகளும் விழுந்ததை மறக்க முடியுமா? தொற்று நோயோ என்று எல்லோரும் பயந்தோம். கடைசியில் குளிர்தான் காரணம் என்று தெரியவந்தது. நனைந்த மயிர் சூட்டைப் பிடித்து வைக்காது. மெலிந்த உடம்பில் எரிக்கக் கொழுப்பும் இல்லை. அதோடு மழை நாளில் ஆடு வெளியே போகாது, வெறும் வயிற்றோடு நிற்கும். ஆட்டுக்கு வயிறுதான் அடுப்பு. உள்ளே நார்த்தீனி புளிக்கும்போது வரும் சூடுதான் அதை இரவு முழுக்கக் காக்கிறது. ஆகவே மழை இருட்டும் பின்னேரத்தில் ஒரு பிடி வைக்கோலாவது போடுங்கள். வாடை அடிக்கும் பக்கத்தைக் கிடுகாலோ தறப்பாளாலோ மறையுங்கள். நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். மூத்திர நெடி உள்ளேயே தங்கினால் அதுவும் நெஞ்சைக் கெடுக்கும்.

கோடை வேறு மாதிரி. மாட்டைவிட ஆடு வெயிலைத் தாங்கும், உண்மைதான். ஆனால் தாழ்ந்த தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் நீங்கள் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். வாயைத் திறந்து இளைக்கும் ஆடு அசை போடாது, பாலும் குறையும். கிடாய்க்குச் சூடு பிடித்தால் அதன் விந்து தேற இரண்டு மாதம்வரை ஆகலாம்; மறி சினை பிடிக்கவில்லை என்று மறியைப் பழி சொல்வோம். தகரத்துக்கு மேல் ஓலை போட்டு, தண்ணீர் வாளியை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றினாலே பாதிக் கரைச்சல் குறையும்.

மாரியில் பிறக்கும் குட்டிகளுக்கு மட்டும் ஒரு விடயம். துவண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் உடனே பாலை ஊற்றாதீர்கள். அந்தக் குட்டியால் சரியாக விழுங்க முடியாது, பால் நெஞ்சுக்குள் போகும். துடைத்து, சாக்கில் சுற்றி, அடுப்படியில் வைத்து, வாய் சூடான பிறகு கடும்புப்பால் (தாய் ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) கொடுங்கள். எனக்குப் போன் எடுக்கும்போது வாய் சூடா, சில்லா என்று பார்த்துவிட்டு எடுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.