மப்டி டூட்டிக்கு என்ன உடுத்துவது?

காக்கியைக் கழற்றிவிட்டு மப்டியில், அதாவது சாதாரண உடையில், போனால் தன்னைப் போலீஸ் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் கிரைம் டீமுக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் நம்புகிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். டீயை நீட்டும்போதே கடைக்காரர், "அண்ணாச்சி எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டுவிடுவார். ஒட்ட வெட்டிய கிராப்பு, பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ, பேண்ட்டுக்குள் இறுக்கிச் செருகிய சட்டை, பின்னால் கட்டிய கை. மாறியது சட்டையின் நிறம் மட்டும்தான்.

குற்றப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இளம் காவலர்கள் கேட்டதற்கெல்லாம் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். பொதுமக்களும் படிக்கலாம், கடைசிப் பகுதி அவர்களுக்கே.

மப்டி உடை போகிற இடத்துக்குப் பொருந்த வேண்டும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முழுக்க வேட்டியும் சேலையுமாக இருக்கும்போது ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நிற்பவனைப் பிக்பாக்கெட்காரன் தூரத்திலேயே கண்டுகொள்வான். வேட்டியில் ஓட முடியாது என்பார்கள். மடித்துக் கட்டிப் பழகியவன் நன்றாகவே ஓடுவான். உள்ளே ஜிப் வைத்த டவுசர் போட்டுக்கொண்டால் போனுக்கும் அடையாள அட்டைக்கும் இடம் கிடைக்கும். திருச்செந்தூர் மாதிரி ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் கோயில்களில் இந்த டவுசர்தான் கைகொடுக்கும். குற்றாலத்தில் சீசன் சமயம் அருவிக்கரையில் நிற்பவர்கள் அட்டையை நனையாத உறையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். தாமிரபரணியின் குறுக்குத்துறை படித்துறையில் ஈரப் பாசியில் ஒருவனைத் துரத்திப் பார்த்தால் காரணம் புரியும். குதிகாலில் வார் வைத்த செருப்பு போதும்.

துப்பாக்கி வைத்திருக்கும் அதிகாரிகள் ஒரு அளவு பெரிய சட்டையை வெளியே விட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சட்டையும் கூடவே ஏறும். கிளம்புமுன் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பெண் காவலர்களுக்குச் சுடிதார் வசதி. துப்பட்டாவைத் தொங்க விடாமல் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். திமிறுகிறவன் முதலில் பிடித்து இழுப்பது அதைத்தான். செயின் திருடிகளைக் கண்காணிக்கும் டூட்டியில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனாலும் கூட்டத்தில் தனியாகத் தெரியும். கவரிங் போட்டுக்கொள்ளுங்கள், தங்கம் வீட்டில் இருக்கட்டும்.

வேறு ஊர்க்காரர்கள் யோசிக்காத ஒன்று நம் பக்கத்தில் உண்டு. அது நிறம். கையில் கட்டும் கயிறு, துண்டின் கரை, பனியனில் போட்ட படம் எல்லாவற்றுக்கும் இங்கே சாதி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பையனுக்கே ஆகாது என்றால் விசாரணைக்குப் போகும் காவலருக்கு ஆகுமா? மப்டியில் ஊருக்குள் நுழைகிறவரின் மணிக்கட்டைத்தான் திண்ணையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். பார்த்ததும் ஒரு தெருவுக்கு அவர் 'நம்மாளு', அடுத்த தெருவுக்கு 'அவங்காளு'. அடுத்த தெருவில் அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கோயிலில் கட்டிய கயிறாகவே இருக்கட்டும், டூட்டிக்குக் கழற்றி வையுங்கள். இதை நான் கறாராகவே சொல்வேன்.

மப்டி என்றாலே ஒளிந்து பார்ப்பதற்கு என்று நினைக்கிறோம். சட்டமே சீருடை வேண்டாம் என்று சொல்கிற இடமும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும். நடப்பில் பல பேர் காக்கி பேண்ட்டுக்கு மேலே ஒரு டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். குழந்தை தரையில் உட்கார்ந்திருக்கும். அதன் கண் மட்டத்தில் தெரிவது அந்தக் காக்கியும் பெல்ட்டும்தானே? அரை மப்டி இங்கே உதவாது. மெல்லிய நிறத்தில் சாதாரண சுடிதார் அல்லது காட்டன் சேலை போதும். வாக்கி டாக்கியை வெளியே இருக்கிற ஏட்டையாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். ஜீப்பை வாசலில் நிறுத்தினால் தெருவே கூடிவிடும், பிறகு என்ன உடுத்தி என்ன?

கைது செய்யும் நேரத்துக்குக் கணக்கே வேறு. அதுவரை யாரென்று தெரியாமல் இருந்தவர், அந்த நிமிஷமே யாரென்று தெரிந்தாக வேண்டும். காவல் நிலையச் சாவுகள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டளையாகவே இட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவும், கைது செய்யும் அதிகாரியின் பெயர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. மப்டிக்கு இதில் விலக்கு இல்லை. அதனால் அட்டை கழுத்துக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் கிடக்க வேண்டும், கையை நீட்டுமுன் வெளியே வர வேண்டும். பர்ஸுக்குள் நாலாவது மடிப்பில் இருந்தால் தேடி எடுப்பதற்குள் ஆள் ஓடிவிடுவான். இல்லாவிட்டால் "ஆளக் கடத்துறானுவ"ன்னு ஊர் சேர்ந்து காவலரை வளைத்துவிடும். நாலு பேர் இறங்கி ஒருவனைக் காரில் ஏற்றுவதைப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இனி பொதுமக்களுக்கு. சட்டையை வைத்துப் போலீஸ் என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்ட வெட்டிய கிராப்பும் பழுப்பு ஷூவும் கடையில் கிடைக்கும். பஸ் நிலையம் பக்கம் வயதான அம்மாக்களிடம், "இங்க திருட்டு நடந்திருக்கும்மா, நகையக் கழட்டிப் பொட்டலமா மடிச்சு வச்சுக்கிடுங்க" என்று பரிவாகச் சொல்லி, மடித்துத் தருவதாக வாங்கி, கல்லைப் பொதிந்து கொடுப்பது பழைய வித்தை. எந்தப் போலீஸும் உங்கள் நகையைக் கழற்றச் சொல்லாது. அரசு ஊழியராக நடித்து ஏமாற்றினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 204ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை.

மப்டியில் வந்தவரிடம் அட்டையைக் கேளுங்கள். "சார், எந்த ஸ்டேஷன், பேரு என்ன?" என்று மரியாதையாகவே கேட்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் அவர் கொடுக்கும் நம்பருக்குக் கூப்பிடாமல் நீங்களே 112க்குக் கூப்பிடுங்கள். பொழுது சாய்ந்த பின் வீட்டுப் பெண்ணை அழைத்துப் போக ஆண்கள் மட்டும் வந்து நின்றால் கதவைத் திறக்குமுன்பே கூப்பிடுங்கள். சூரியன் மறைந்து உதிக்கும்வரை ஒரு பெண்ணைக் கைது செய்வதற்கு விதிவிலக்கான காரணமும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.