62 சரி, 24 தப்பு: மார்க் எவ்வளவு?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அண்ணன் மகள், அரசு வேலைக்கான கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதிவிட்டு வந்தாள். தான் போட்ட விடைகளை வினாத்தாளிலேயே குறித்து வைத்திருந்ததால், ஆன்சர் கீ வந்த அன்றே திண்ணையில் உட்கார்ந்து டிக் அடித்துவிட்டாள். 100 கேள்வியில் 62 சரி, 24 தப்பு. 14 கேள்வியைத் தொடவே இல்லை.

“அப்ப எனக்கு 62 சதமானந்தானுங்க சித்தப்பா?”

சதவீதம் என்ற சொல் அவள் வாயில் வராது. பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளச் சதமானம்தான்.

மேலே ஓர் எண், கீழே ஓர் எண். வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். அந்தக் கணக்கை போனே போட்டுவிடும். கீழே எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். அவளிடம் இருந்த அதே தாளிலிருந்து மூன்று விதமான சதவீதம் எடுக்கலாம். மொத்தக் கேள்வி 100-ஐக் கீழே போட்டால் 62. தொட்ட கேள்விகள் 86-ஐ மட்டும் போட்டால் 72.1, கை வைத்ததில் எவ்வளவு தேறியது என்று காட்டும் எண் இது, சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஆனால் ராங்க் லிஸ்ட் பார்ப்பது மூன்றாவதை. ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். 24 தப்புக்கு 8 போக, 54.

முகம் வாடிவிட்டது. “பொள்ளாச்சியில மாமா மட்டும் கழிக்கவே இல்லைங்கிறாரே?”

அவர் எழுதியது தமிழ்நாட்டு குரூப் 4. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கணக்கும் மாறிவிடுகிறது. அங்கே 200 கேள்வி, 300 மார்க், கேள்விக்கு ஒன்றரை. 124 சரியென்றால் 186 மார்க். 300-க்கு 186 என்பதும் அதே 62 சதவீதம்தான். தப்புக்குக் கழிவு இல்லை என்பதால் ஒன்றரை மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போகிறது.

சரி, கழிப்பதுதான் கழிக்கிறார்கள், ஏன் சரியாக மூன்றில் ஒன்று? கேள்விக்கு நாலு விடை. கண்ணை மூடிக்கொண்டு 12 கேள்விக்கு வட்டத்தை நிரப்பினால் சராசரியாக 3 சரியாகும், 9 தப்பாகும். 3 மார்க் வந்து, 9-இல் மூன்றில் ஒரு பங்கான அதே 3 போய்விடும். கையில் நிற்பது பூஜ்யம். குருட்டாம்போக்கில் அடித்தவனுக்கும் சும்மா விட்டவனுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றால் இந்தப் பின்னம்தான் சரிப்படும். நீட் தேர்வில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. அங்கே அதே 12 கேள்வியில் 12 வந்து 9 போகும், 3 மிச்சம். கழிவு என்று பயமுறுத்தினாலும், குருட்டடிக்கு அங்கே கொஞ்சம் லாபம் இருக்கத்தான் செய்கிறது. சராசரிக்குத்தான் இந்தக் கணக்கு. ஒருத்தருக்கு ஒரு நாளில் எப்படியும் விழலாம்.

பி.எஸ்.சி.யிலும், நாலில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்து தள்ளிவிட்டால் கதை வேறு. அப்படி 9 கேள்வியில் 3 சரி, 6 தப்பு விழுந்தால் 3-இல் 2 போக 1 மிஞ்சும். அவள் தொடாமல் விட்ட 14-இல் அப்படி எத்தனை இருந்தன என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இதைத் திருப்பியும் போடலாம். மார்க்கை மூன்றால் பெருக்கி, தொட்ட கேள்விகளைக் கூட்டி, நாலால் வகுத்தால் சரியான விடைகளின் எண்ணிக்கை வந்துவிடும். அவளுக்கே போட்டுப் பார்த்தோம்: 54-ஐ மூன்றால் பெருக்க 162, கூட 86, மொத்தம் 248. நாலால் வகுத்தால் 62.

உடனே போனை எடுத்தாள். வேலந்தாவளத்துத் தோழி மார்க் 50, 90 கேள்வி தொட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தாளாம். 150-உம் 90-உம் 240. நாலால் வகுத்தாள்.

“அறுபது சரி, முப்பது தப்பு. தப்பு இருபதுக்கு மேல போகலைன்னு சொன்னா சித்தப்பா!”