'வயது வந்தோர் குளம்' அன்று, பெரியவர் குளம்

கப்பல் சுற்றுலா விளம்பரங்களிலும், அவற்றை வரிக்கு வரி எடுத்துப் போடும் பயணக் கட்டுரைகளிலும் 'வயது வந்தோருக்கான நீச்சல் குளம்' என்ற தொடர் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. அண்மையில் ஒரு பயண முகவரின் துண்டுப் பிரசுரத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். நீலத் தண்ணீர், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், அந்தப் படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் 'வயது வந்தோருக்கு மட்டும்'. இதைப் படிக்கும் தமிழருக்கு முதலில் நினைவு வருவது திரையரங்கச் சுவரொட்டிதான். பிள்ளைகளின் கூச்சல் இல்லாமல் அரை மணி நேரம் நீந்தவும், கரையில் சாய்ந்து புத்தகம் படிக்கவும் ஓர் இடம் தேடுகிற ஓய்வு பெற்ற ஆசிரியை அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுவார். அந்தக் குளமோ அவரைப் போன்றவர்களுக்காகவே கட்டப்பட்டது!

'வயது வந்தோர்' என்பது ஆங்கில 'அடல்ட்' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் வளர்தலைக் குறிக்கும் வினையின் முடிந்த வடிவம் 'அடுல்துஸ்', அதாவது வளர்ந்து நிறைந்தவர். ஆங்கில 'அடல்ட்' அதிலிருந்து வந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் விடலையைக் குறிக்கும் 'அடொலசென்ட்' என்பதற்கும் அதே வினைதான் வேர். கப்பல் சுற்றுலாவைக் குறிக்கும் 'குரூஸ்' டச்சு மொழியிலிருந்து வந்தது. கடலில் குறுக்கும் நெடுக்குமாகப் போவது என்று பொருள். அதற்குச் சொகுசுக் கப்பல், உல்லாசக் கப்பல் என இரண்டு சொற்களும் தமிழில் வேரூன்றிவிட்டன, எது வந்தாலும் எனக்குச் சம்மதம். நீச்சல் குளத்தை இலங்கையில் நீச்சல் தடாகம் என்பார்கள், அதுவும் அழகுதான். சிக்கல் முழுவதும் 'அடல்ட்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

'வயது வந்தோர்' என்பதைக் கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. 'வயது வந்தோர் வாக்குரிமை' என்று எழுதும்போது அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்திய அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு ஒரு வயதை எல்லையாக வைக்கிறது. முன்பு 21 ஆக இருந்ததை 61ஆம் திருத்தம் 18 ஆகக் குறைத்தது. அந்த எல்லையைத் தொட்டவருக்கு வயது வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சட்டத்தை விட்டு வெளியே வந்தால் இந்தத் தொடருக்கு இரண்டு நிழல்கள் உண்டு. வீட்டில் 'வயதுக்கு வந்துவிட்டாள்' என்றால் பெண் பூப்படைந்தாள் என்று பொருள். தெருவில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்றால் 'ஏ' சான்றிதழ்ப் படம். இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஓர் அமைதியான நீச்சல் குளத்தை வாசகர் நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, இந்த மொழிபெயர்ப்பு தகவலிலேயே பொய்யாகிவிடுவது. ராயல் கரீபியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களில் 'சொலேரியம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. 16 வயது நிறைந்தவர் அங்கே போகலாம். செலிப்ரிட்டி கப்பல்களின் சொலேரியத்துக்கும் 16தான். டிஸ்னி கப்பல்களில் 'குவைட் கோவ்' என்ற குளத்துக்கு 18. கார்னிவல் கப்பல்களின் 'செரினிட்டி' பகுதிக்கு 21. இப்போது 'வயது வந்தோர்' என்ற ஒரே தொடரை இந்த மூன்று வயது எல்லைகளுக்கும் ஒட்டிப் பாருங்கள். நம் சட்டப்படி வயது வராத 17 வயதுப் பையன் சொலேரியத்தில் தாராளமாக இறங்குகிறான். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த 20 வயதுப் பெண்ணை செரினிட்டியின் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கல்லூரியில் படிக்கும் மகளோடு பயணம் போகிற குடும்பம் இந்தத் தொடரை நம்பிக் கப்பலைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து நிற்கும்.

இதற்கு மாற்றாகத் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'வளர்ந்தோர் குளம்' என்கிறார்கள். வேர்ச்சொல்லுக்கு நேர் என்பது அவர்கள் வாதம். நேர்தான், மறுக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு என்பது இலத்தீனின் வேரைத் தோண்டித் தமிழ் மண்ணில் நடுகிற வேலை அன்று. தமிழில் 'வளர்ந்த' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்: வளர்ந்த நாடுகள், வளர்ந்த பிள்ளை, தோளுக்கு மேல் வளர்ந்தவன். 'வளர்ந்த பிள்ளை' என்று தாய் சொல்வது 14 வயது மகனை! ஆறடி உயரமுள்ள அந்தப் பையனைத்தான் இந்தக் குளத்தில் விடமாட்டார்கள். தன்னை 'வளர்ந்தோர்' என்று சொல்லிக்கொள்ளும் 40 வயது மனிதரை எந்தத் தமிழ் ஊரிலும் நான் கேட்டதில்லை. தூய தமிழ் என்பதால் மட்டும் ஒரு சொல் தெளிவான தமிழாகிவிடாது. தூய்மைக்காக எழுதுகிற நண்பர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, பல துறைகளில் அவர்கள் தந்த சொற்களைத்தான் நாள்தோறும் எழுதுகிறேன். ஆனாலும் இந்தச் சொல் நிற்காது.

'முதியோர் குளம்' என்பதையும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. எழுத்தறிவு இயக்கங்களின் காலத்தில் 'முதியோர் கல்வி' என்ற சொல் ஊர் ஊராகப் போனது. மாலை வகுப்பில் உட்கார்ந்த 25 வயது உழவரும் அதில் முதியோர்தான். அந்த வழக்கு அந்தத் திட்டத்தோடு தேய்ந்துவிட்டது. இன்று முதியோர் என்றால் முதியோர் இல்லம், முதியோர் உதவித்தொகை. 30 வயதில் தேனிலவுக்குப் போகிற இணையரை முதியோர் குளத்துக்கு அனுப்பலாமா?

சரியான சொல் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. பேருந்தில் நடத்துநரிடம் 'பெரியவர் இரண்டு, சிறியவர் ஒன்று' என்கிறோம். மருந்துப் புட்டியில் பெரியவர்களுக்கு ஓர் அளவு, சிறுவர்களுக்கு ஓர் அளவு. 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே' என்று வளர்க்கப்படாத தமிழர் யார்? சிறுவருக்கு எதிர்ச்சொல் பெரியவர். ஆகவே அது பெரியவர் குளம். 'பெரியவர் என்றால் வயதான மரியாதைக்குரியவர் அல்லவா' என்று கேட்பார்கள். ஒருவரைத் தனியாகச் சுட்டும்போது அப்படித்தான், 'அந்தப் பெரியவர்' என்றால் நரைத்த தலை தெரியும். சிறுவருக்கு எதிரே வைக்கும்போது அந்தப் பொருள் தானே விலகிவிடுகிறது. 'சிறுவர் குளம், பெரியவர் குளம்' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தன் குளம் எது என்று தெரியும். அடுத்து ஓர் எண்: 'பெரியவர் குளம், 16 வயது நிறைந்தவர்களுக்கு'. எண் இல்லாமல் எந்தச் சொல்லும் இங்கே போதாது.

குளம் என்ற சொல்லுக்கும் இதே கவனம் தேவை. பெரியவர் பகுதி என்று விளம்பரப்படுத்துவதில் எல்லாம் குளம் இருப்பதில்லை. கார்னிவலின் பல கப்பல்களில் செரினிட்டி என்பது நிழற்குடை, ஊஞ்சல் படுக்கை, வெந்நீர் கொப்பளிக்கும் தொட்டி, இவ்வளவே. நீந்துகிற குளம் சில கப்பல்களில்தான். அந்தத் தொட்டிக்கு ஆங்கிலத்தில் நீர்ச்சுழல் என்று பொருள்படும் பெயர். அதை மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே 'மேல்தளத்தில் நீர்ச்சுழல்கள் உள்ளன' என்று எழுதிவிடுகிறார்கள். காவிரிக் கரையில் பிறந்தவர் நீர்ச்சுழல் என்று படித்தால் என்ன நினைப்பார்? ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்கியவர் சுழலில் சிக்கிய செய்தியைத்தான் நினைப்பார். வெந்நீர்த் தொட்டி என்று எழுதினால் போயிற்று. ஜக்குஸி என்றாலும் குற்றமில்லை, கலிபோர்னியாவில் குடியேறிய ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பெயர் அது, பலருக்கும் பழகிவிட்டது.

சிறப்புப் பெயரை மொழிபெயர்க்கும் பழக்கம் இதைவிட மோசம். பிரின்சஸ் கப்பல்கள் பலவற்றில் பெரியவர்கள் கட்டணம் கட்டி நுழைகிற அமைதிப் பகுதிக்கு 'சாங்சுவரி' என்று பெயர். அதைச் 'சரணாலயம்' ஆக்கியிருந்தார் ஒருவர். வேடந்தாங்கல் நாரைகளைக் கப்பல் தளத்தில் இறக்கிவிட்டார். சொலேரியம் 'சூரிய அறை' ஆகிவிட்டது. உரோமர் காலத்தில் வெயில் படும் மொட்டைமாடிக்கு அந்தப் பெயர் இருந்தது உண்மை. ஆனால் இந்தக் கப்பல்களில் சொலேரியத்தின் சிறப்பு, பலவற்றில் தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை இருப்பது. அலாஸ்கா பக்கம் குளிர்காற்று வீசும்போது திறந்த குளத்தில் இறங்க முடியாது, கூரைக்குக் கீழே இருக்கும் குளத்தில் இறங்கலாம். பயணிக்கு வேண்டிய செய்தி அந்தக் கூரை. பெயரைச் சொலேரியம் என்றே விட்டுவிட்டு, 'கண்ணாடிக் கூரையுள்ள பெரியவர் குளம்' என்று பக்கத்தில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 2024 சனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்குவதுபோல் ஒரு பெரியவர் குளம் இருக்கிறது. அந்த வகைக் குளத்தை 'முடிவிலிக் குளம்' என்கிறார்கள். முடிவிலி கணக்குப் பாடத்துச் சொல். குளத்தின் கரை கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் கடலோடு சேர்ந்ததுபோல் தோன்றுவதுதான் அதன் அழகு. 'விளிம்பில்லாக் குளம்' என்றால் படமே மனத்தில் விழுந்துவிடும்.

இப்படி எழுதுகிறவர்கள் கப்பலின் தள வரைபடத்தை ஒரு முறையாவது விரித்துப் பார்த்தார்களா என்பது என் சந்தேகம். பார்த்திருந்தால் குளம் கப்பலின் பின்முனையிலா, முன்பக்கத்தில் ஸ்பா அருகிலா, வெந்நீர்த் தொட்டி மட்டுமா, கூரை உண்டா, கட்டணம் உண்டா என்பதெல்லாம் தெரிந்திருக்கும், சொல்லும் தானே அமைந்திருக்கும். பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'ஆர்கேடியா', 'அரோரா' கப்பல்களும், விர்ஜின், வைக்கிங் நிறுவனங்களின் கடற்பயணக் கப்பல்களும் 18 வயதுக்குக் குறைந்தவரை ஏற்றுவதே இல்லை. அங்கே எல்லாக் குளமும் பெரியவர் குளம்தான், தனிப் பெயரே வேண்டாம். அந்தக் கப்பல்களைப் பற்றிய தமிழ்க் குறிப்பிலும் 'வயது வந்தோருக்கு மட்டுமான சிறப்புக் குளம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'இந்தக் கப்பலில் சிறுவர்களை ஏற்றுவதில்லை' என்று எழுதுங்கள்.