ஒரு வரிசை எதைப் பற்றிப் பேசுகிறது?

சாஃப்ட்வேர் வேலைக்கு நடுவே சில சனிக்கிழமைகளில் கல்லூரிகளுக்குப் போய் டேட்டாபேஸ் வகுப்பு எடுப்பேன். டேபிள்களைச் சரியாகப் பிரிப்பதற்கான விதிகளில் ஒன்றான தேர்ட் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு எக்ஸெல் ஷீட்டை நீட்டி, இதை எத்தனை டேபிளாகப் பிரிப்பீர்கள் என்று கேட்டால் வகுப்பே கப்சிப். தப்பு அவர்கள் மேல் இல்லை, நோயைக் காட்டாமலே மருந்தின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்.

அதனால் இப்போதெல்லாம் இப்படிப் பிரிப்பதைக் குறிக்கும் நார்மலைசேஷன் என்ற வார்த்தையை முதல் நாள் எடுப்பதே இல்லை. ரத்ததானம் செய்பவர்கள் பட்டியல் ஒன்றை நானே தயாரித்து பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். பெயர், துறை, துறைத்தலைவர், போன், ரத்த வகை, வயது, கொடுத்த தேதி 1, தேதி 2, தேதி 3.

நாலாவது தடவை கொடுத்தால் எங்கே எழுதுவது? "தேதி 4 சேர்த்துக்கலாம் சார்" என்று உடனே பதில் வரும். சரி, ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று போன் வருகிறது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்து 90 நாள் பொறுக்க வேண்டும், பெண்கள் 120 நாள். யாரைக் கூப்பிடலாம் என்று தேடுங்கள் என்றதும்தான், நாலு நெடுவரிசையையும் ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டியிருப்பது புரிகிறது. போதாததற்கு ரத்த வகையில் ஒருவர் 'ஓ நெகட்டிவ்' என்றும் இன்னொருவர் 'ஓ நெக்' என்றும் அடித்திருப்பார், மூன்றாமவர் ஓ-வுக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டியிருப்பார். வயது? போன வருஷம் எழுதியது, அப்படியே இருக்கும், பிறந்த தேதியைக் கேட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. துறைத்தலைவர் மாறிவிட்டால் அறுபது வரிசையைத் திருத்த வேண்டும், ஐம்பத்தெட்டைத்தான் திருத்தியிருப்பார்கள்.

இங்கேதான் நான் ஒரே ஒரு கேள்வியைப் போர்டில் எழுதுவேன்: ஒரு வரிசை எதைப் பற்றிப் பேசுகிறது? ஆளைப் பற்றியா, துறையைப் பற்றியா, அன்றைக்கு நடந்த தானத்தைப் பற்றியா? பத்து நிமிஷத்தில் மூன்று டேபிள் தானாக வந்துவிடும். தானம் என்ற டேபிளில், ஆள் டேபிளில் கொடுத்தவருக்கு இருக்கும் அடையாள எண்ணும் தேதியும் இருந்தால் போதும், அவர் நாற்பது தடவை கொடுத்தாலும் நாற்பது வரிசை, நெடுவரிசை ஒன்றுகூட ஏறாது. அந்த எண்தான் ஃபாரின் கீ என்று அப்போது சொன்னால் யாரும் முழிப்பதில்லை.

ஆள் டேபிளில் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக என்ன வைக்கலாம் என்றால் பாதிப் பேர் போன் நம்பர் என்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடைக்குச் செய்து கொடுத்த மென்பொருளில் அதையேதான் வைத்தேன். ஒரே நம்பரை அம்மாவும் மகனும் கொடுத்தார்கள், இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகி, மகன் வாங்கிய பொருளுக்கு அம்மா பேரில் பில் போய்ச் சண்டை, நான் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் பிரித்தேன். பெயரும் உதவாது, நம் ஊரில் எஸ். பிரியாவும் பிரியா எஸ்-உம் ஒரே ஆளா வேறு ஆளா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அர்த்தமில்லாத ஒரு வரிசை எண்ணே உத்தமம்.

இப்படி டேபிள்களாக வைக்கும் டேட்டாபேஸை ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பார்கள். ரிலேஷனல் என்றால் டேபிள்களுக்கு நடுவே இருக்கும் உறவு என்றே பலரும் நினைக்கிறார்கள். 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் தன் கட்டுரையில் சொன்ன ரிலேஷன் கணிதத்திலிருந்து வந்தது, கிட்டத்தட்ட நாம் டேபிள் என்கிறோமே, அதுதான். அவர் கணிதம் படித்தவர்.

போன தடவை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், கொடுக்க வந்தாங்க, ஹீமோகுளோபின் 12.5 இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது தானமா, இல்லையா? எந்த டேபிள்?" அதற்குப் பிறகு அரை மணி நேரம் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அன்றைக்கு, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு வரிகூட எழுதவில்லை.